சர்வர் ஓடுகிறது, ஆனாலும் வெளியே வேலை செய்யவில்லை: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

கல்லூரியோ மருத்துவமனையோ நடுத்தர நிறுவனமோ, ஐடி பொறுப்பில் இருப்பவரை அதிகம் அலைக்கழிப்பது ஒரே வகைப் புகார்தான். உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை. வெளியிலிருந்து மட்டும் "உங்க சைட் வரலை", "மெயில் வந்து சேரலை" என்று ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்வார்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்தும் ஒன்றும் மாறாது. கோளாறு சர்வரிலேயே இருக்காது.

உங்கள் டொமைன் பெயர், அதைப் பதிவு செய்து தரும் ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது. பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் நேம் சர்வரை வேறொருவர் நடத்துகிறார். ஐபி முகவரி, இந்தியாவில் அவற்றை ஒதுக்கும் ஐரின் அமைப்பிடமிருந்தோ இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தோ வந்திருக்கிறது. மெயில் கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ. தளம் உங்களுடையதுதான் என்று உறுதி சொல்லும் சான்றிதழ் இன்னொருவர் கொடுத்தது. இவர்களில் யாருக்கும் யார் மீதும் அதிகாரம் கிடையாது. ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு அறிவிப்பை வெளியிடுகிறார். அதை நம்புவதா வேண்டாமா என்பதை மற்றவர் தன் கொள்கைப்படி முடிவு செய்கிறார். இதுதான் இணையத்தின் ஆட்சிமுறை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமை அலுவலகம் இருக்கும், அங்கே புகார் செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நாள்கணக்கில் நேரத்தை இழக்கிறார்கள்.

அதனால் எந்த அறிகுறி வந்தாலும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். நாம் என்ன அறிவித்திருக்கிறோம்? வெளியே இருப்பவர் என்ன பார்க்கிறார்? அதை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதுதான் விட்டுப்போகும். காரணத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டு, அதை மாற்ற உரிமையுள்ளவர் யார் என்று தெரியாமல் மூன்று நாள் காத்திருக்கும் நிலை அங்கேதான் வருகிறது.

எனவே கோளாறு வரும் முன்பே ஒரு பக்கக் குறிப்பை எழுதி வைத்துவிடுங்கள். டொமைன் எந்த ரெஜிஸ்ட்ராரிடம், அந்தக் கணக்கின் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது, நேம் சர்வர் யாருடையது, ஐபி தொகுதி யார் பெயரில், சான்றிதழ் எங்கே எப்போது முடிகிறது, ஒவ்வொருவரின் அவசரத் தொடர்பு எண் என்ன. வேலையை விட்டுப் போனவரின் சொந்த மெயில் முகவரியில் டொமைன் பதிவாகியிருக்கும் நிறுவனங்கள் ஏராளம். அதைக் கண்டுபிடிக்கச் சரியான நாள், எதுவும் உடையாத நாள். குறிப்பைக் காகிதத்திலும் ஒரு பிரதி வையுங்கள். எதற்கென்று கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

"எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை"

முதலில் புகார் சொன்னவரிடம் விவரம் வாங்குங்கள். எந்த ஊர், எந்த நிறுவனத்தின் இணைப்பு, மொபைல் டேட்டாவா வைஃபையா, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன, எத்தனை மணிக்கு. "வரலை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தேடக் கூடாது. பெயரே கிடைக்கவில்லை என்ற செய்தியா, இணைக்க முயன்று நேரம் முடிந்துவிட்டது என்ற செய்தியா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முதலாவது என்றால் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ். இரண்டாவது என்றால் பெரும்பாலும் ரவுட்டிங், அதாவது அந்த ஐபிக்குப் போகும் வழி. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

டிஎன்எஸ் என்று தெரிந்தால், நேம் சர்வரிடம் கேள்வி கேட்கும் டிக் கருவியை எடுத்து ஒரே பெயரை மூன்று இடங்களில் கேளுங்கள்: உங்கள் சொந்த நேம் சர்வர், கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1. கடைசி இரண்டும் ரிசால்வர்கள், பயனர்களுக்காகப் பெயரைத் தேடிச் சொல்பவை. முடிந்தால் புகார் சொன்னவரின் சேவை நிறுவன ரிசால்வரிலும். பதில்கள் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் பாருங்கள்.

சிலருக்குப் பழைய ஐபி, சிலருக்குப் புதிய ஐபி என்றால் அது கேஷ், ரிசால்வர் முன்பு வாங்கி நினைவில் வைத்திருக்கும் பதில். சர்வரை இடம் மாற்றும் முன் டிடிஎல்லை, அதாவது பதிலை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அளவை, குறைக்கவில்லை என்று பொருள். பழைய டிடிஎல் ஒரு நாள் என்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதுதான். உலகத்தில் உள்ள ரிசால்வர்களை எல்லாம் காலி செய்யும் பொத்தான் யாரிடமும் இல்லை. கூகுளும் கிளவுட்ஃபிளேரும் தங்கள் ரிசால்வரில் ஒரு பெயரின் கேஷை நீக்கப் பொதுவான பக்கம் வைத்திருக்கின்றன. அந்த இரண்டையும் செய்துவிடலாம். அதுவரை பழைய சர்வரை அணைக்காதீர்கள். அடுத்த முறை மாற்றத்துக்கு முந்தைய நாளே டிடிஎல்லை 300 விநாடிக்கு இறக்கிவிடுங்கள்.

ஒரே ஆளுக்குச் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை என்றால் நேம் சர்வர் பட்டியலைச் சந்தேகப்படுங்கள். பட்டியலில் ஒரு பெயர் தவறாக இருந்தால், கேள்விகளில் ஒரு பங்கு மட்டும் தவறான இடத்துக்குப் போகும். மீதி நன்றாக நடக்கும். மாஸ்டர்கார்டின் ஐந்து நேம் சர்வர் பெயர்களில் ஒன்றில் கடைசியில் ஒரு எழுத்து விடுபட்டு, அகமாய் நிறுவனத்தின் 'டாட் நெட்' முகவரி நைஜர் நாட்டின் 'டாட் என்இ' ஆகியிருந்தது. 2020 ஜூனில் வந்த தவறு 2025 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சொன்ன பிறகுதான் திருத்தப்பட்டது. அந்தத் தவறான பெயரை யாராவது கெட்ட எண்ணத்தோடு முன்பே பதிவு செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேல்மட்டப் பதிவகம் வைத்திருக்கும் பட்டியலையும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளைக் கொண்ட ஸோன் கோப்பில் இருக்கும் பட்டியலையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். முதலாவதை ரெஜிஸ்ட்ரார் கணக்கில்தான் மாற்ற முடியும், இரண்டாவதை டிஎன்எஸ் பலகத்தில். இரண்டும் வெவ்வேறு ஆட்களின் கையில் இருப்பது சகஜம்.

8.8.8.8, 1.1.1.1 இரண்டிலும் 'சர்வ்ஃபெயில்' என்று வந்து, சரிபார்க்காத ஒரு ரிசால்வரில் மட்டும் பதில் வந்தால் அது டிஎன்எஸ்செக், டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை. உறுதிப்படுத்த டிக்கில் சரிபார்ப்பை நிறுத்தும் 'சிடி' கொடியைச் சேர்த்து மறுபடி கேளுங்கள். அப்போது பதில் வந்தால் கையொப்பம்தான் உடைந்திருக்கிறது. இங்கே அவசரம் ஆபத்து. 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. டிஎன்எஸ்செக்கை இயக்கினார்கள், சிலருக்குச் சிக்கல் வந்தது, உடனே திரும்பப் பெற்றார்கள். ஆனால் மேல்மட்டத்தில் வெளியான டிஎஸ் பதிவு (இந்த டொமைனுக்குக் கையொப்பம் உண்டு என்று சொல்வது) 24 மணி நேர டிடிஎல்லோடு உலகெங்கும் கேஷில் இருந்தது. அந்த ரிசால்வர்கள் கையொப்பத்தை எதிர்பார்த்தன, கையொப்பம் இல்லை. சரிசெய்யச் செய்த காரியமே கோளாறைப் பெரிதாக்கியது. வரிசை இதுதான்: முதலில் டிஎஸ் பதிவை நீக்குங்கள், அதன் டிடிஎல் முழுவதும் கழியட்டும், அப்புறம்தான் ஸோனின் கையொப்பத்தை எடுக்க வேண்டும். தவறாக எடுத்துவிட்டீர்கள் என்றால், பழைய சாவி இன்னும் இருந்தால் அதே சாவியால் மறுபடி கையொப்பம் இடுவதுதான் விரைவான வழி. அதனால் பழைய சாவியை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள்.

"குறிப்பிட்ட நிறுவனத்தின் இணைப்பிலிருந்து மட்டும் எட்டவில்லை"

பெயருக்குச் சரியான ஐபி கிடைக்கிறது, ஆனால் இணைப்பு தொங்குகிறது. இரண்டு மூன்று இடங்களிலிருந்து, பாதையில் எந்தெந்த ரவுட்டர் வருகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் எடுங்கள். அதோடு வெளிநாட்டு ரவுட்டர்களின் 'லுக்கிங் கிளாஸ்' பக்கங்களிலோ ரைப்ஸ்டாட்டிலோ உங்கள் ஐபி தொகுதியைப் போட்டுப் பாருங்கள். அங்கே பார்க்க வேண்டியது ஒன்றே: உங்கள் தொகுதியை அறிவிக்கும் ஏஎஸ் எண் (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) உங்களுடையதுதானா, அல்லது உங்கள் சேவை நிறுவனத்துடையதுதானா?

வேறு எண் தெரிந்தால் யாரோ உங்கள் முகவரியை அறிவிக்கிறார்கள். பெரும்பாலும் தவறுதலாக. 2008 பிப்ரவரி 24 அன்று நடந்ததை எல்லா நெட்வொர்க் பொறியாளர்களும் படித்திருக்க வேண்டும். யூடியூபை நாட்டுக்குள் முடக்க வேண்டும் என்ற அரசு உத்தரவுப்படி பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற தொகுதியைத் தன் நெட்வொர்க்குக்குள் திருப்பியது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ அதை வடிகட்டாமல் உலகத்துக்குக் கடத்தியது. யூடியூப் அப்போது அறிவித்துக்கொண்டிருந்தது பெரிய /22 தொகுதி. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடத் தொகுதி குறுகியது. ரவுட்டர்கள் எப்போதும் குறுகிய தொகுதிக்கே முன்னுரிமை தரும் என்பதால், உலகின் பல பகுதிகளில் யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானுக்குப் போனது. யூடியூப் தானும் /24 அறிவித்தது, பிறகு இன்னும் குறுகிய /25 அறிவித்தது. ஓரளவு மீண்டது. ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரத்துக்குப் பிறகு பிசிசிடபிள்யூ அந்த அறிவிப்புகளைத் துண்டித்த பின்தான் முழுதாகச் சரியானது.

கோளாறைச் செய்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் இன்னொருவர், அதை நிறுத்தும் வல்லமை மூன்றாமவர் கையில். கண்மாய்த் தொடரில் மேல்மடையைத் திறந்தவனும் கீழ்வயல்காரனும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஷட்டர் சாவி நடு ஊரில் இருப்பது போல. எனவே ஹைஜாக் என்று தெரிந்தால், அறிவித்தவரோடு நிற்காதீர்கள். அவருக்கு மேலே இருந்து அவருடைய போக்குவரத்தை வெளியே கடத்தும் டிரான்சிட் நிறுவனத்துக்கும் உடனே எழுதுங்கள். ஏஎஸ் பாதையில் அடுத்த எண் அவருடையதுதான்.

ஏஎஸ் எண் சரியாகவே இருக்கிறது, ஆனாலும் சில பெரிய நெட்வொர்க்குகளிலிருந்து மட்டும் எட்டவில்லை என்றால் உங்கள் ரோவாவைப் பாருங்கள். இந்த ஐபி தொகுதியை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம், இவ்வளவு குறுகிய அளவு வரை அறிவிக்கலாம் என்று முகவரியின் உரிமையாளர் கையொப்பமிட்டு வெளியிடும் பதிவு அது. 2024 மே மாதத்திலேயே உலகின் ஐபிவி4 வழித்தடங்களில் பாதிக்கு மேல் ரோவாவுக்குள் வந்துவிட்டன. பெரிய டிரான்சிட் நிறுவனங்கள் பல, ரோவாவுக்கு முரணான அறிவிப்பைத் தூக்கி எறிகின்றன. நடக்கும் தவறு இப்படித்தான் இருக்கும்: உங்களுக்கு ஒரு /22. ரோவாவில் அதிகபட்ச நீளம் 22 என்று இருக்கிறது. ஒரு நாள் போலிப் போக்குவரத்தால் திணறடிக்கும் டிடாஸ் தாக்குதல் வருகிறது, தாக்குதலைத் தடுக்கும் சேவைக்காக அதிலிருந்து ஒரு /24-ஐத் தனியாக அறிவிக்கிறீர்கள். அந்த /24 ரோவாவின்படி செல்லாதது. வடிகட்டும் நெட்வொர்க்குகளில் அந்த /24 இருப்பதே தெரியாது. வடிகட்டாதவற்றில் எல்லாம் நன்றாக நடக்கும். காரணம் தெரியாதவருக்குத் தலை சுற்றும்.

தீர்வாக எல்லாவற்றுக்கும் அதிகபட்ச நீளம் 24 என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். அது வேண்டாம். நீங்கள் அறிவிக்காத /24-ஐ இன்னொருவர் உங்கள் ஏஎஸ் எண்ணைப் போலியாகச் சேர்த்து அறிவித்தால் அதுவும் செல்லுபடியாகிவிடும். உண்மையில் அறிவிக்கும் அளவுகளுக்கு மட்டும் ரோவா வைத்து, டிடாஸ் சமயத்துக்கான /24-க்கும் அதைத் தடுக்கும் நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணுக்கும் முன்கூட்டியே தனி ரோவா எழுதி வைப்பதே சரி. இந்தியாவில் முகவரி நேரடியாக உங்கள் பெயரில் இருந்தால் ஐரின் கணக்கில் செய்யலாம். சேவை நிறுவனம் தந்த முகவரி என்றால் அவர்தான் செய்ய வேண்டும்.

ரோவா கணக்கின் கடவுச்சொல்லை அலட்சியமாக வைக்காதீர்கள். 2024 ஜனவரி 3 அன்று ஆரஞ்ச் நிறுவனத்தின் ஸ்பெயின் கிளைக்கு ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப்பில் இருந்த கணக்குக்குள் ஒருவர் புகுந்தார். கடவுச்சொல் எளிதாக ஊகிக்கக்கூடியது, இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. அவர் ரோவாவில் வேறு ஏஎஸ் எண்ணை எழுதினார். ஆரஞ்சின் அறிவிப்புகளை மற்ற நெட்வொர்க்குகள் செல்லாதவை என்று ஒதுக்கத் தொடங்கின. ஒரு ரவுட்டரைக்கூடத் தொடாமல் ஒரு நாட்டின் பெரிய சேவை நிறுவனத்தை நிலைகுலைய வைக்க முடிந்தது. பாதுகாப்புக்கென்று செய்த அறிவிப்பு தவறானவர் கையில் போனால் அதுவே ஆயுதம்.

"மெயில் போகிறது, ஆனால் ஸ்பேமில் விழுகிறது அல்லது திரும்பி வருகிறது"

திரும்பி வந்த மெயிலை முழுதாகப் படியுங்கள். 4-ல் தொடங்கும் குறியீடு என்றால் தற்காலிக மறுப்பு, சர்வர் தானே மறுபடி முயலும். 5-ல் தொடங்கினால் இறுதி மறுப்பு. எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். ஸ்பேமில் விழுந்தது என்றால், பெற்றவரிடம் மெயிலின் முழுத் தலைப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றின் முடிவும் தனித்தனியாக எழுதியிருக்கும். எஸ்பிஎஃப் என்பது எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல், டிகிம் மெயிலின் கையொப்பம், டிமார்க் இவை தவறினால் என்ன செய்வது என்ற உங்கள் கொள்கை. அதைப் பார்க்காமல் எந்த டிஎன்எஸ் பதிவையும் மாற்றாதீர்கள்.

எஸ்பிஎஃப் முடிவில் 'பெர்ம்எரர்' என்று இருந்தால் பதிவில் எழுத்துப்பிழை இருக்கிறது, அல்லது பத்து டிஎன்எஸ் தேடல் என்ற வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு கல்லூரியின் எஸ்பிஎஃப் வரியைப் பிரித்துப் பார்ப்போம். மெயிலுக்காகக் கூகுள். கட்டணம் வசூலிக்கும் நிறுவனம் ரசீது அனுப்ப ஒன்று. அட்மிஷன் துறை வாங்கிய விளம்பர மெயில் சேவை ஒன்று. நூலக மென்பொருள் ஒன்று. பழைய வலைத்தளத்துக்காக 'ஏ', 'எம்எக்ஸ்' என்று இரண்டு. மேலோட்டமாக ஆறுதான். ஆனால் ஒவ்வொரு 'இன்க்ளூட்' (மற்றொருவரின் பட்டியலைச் சேர்க்கும் குறிப்பு) உள்ளேயும் அந்த நிறுவனம் தன் பங்குக்கு இன்னும் சில இன்க்ளூட் வைத்திருக்கும். அவையும் உங்கள் கணக்கில் சேரும். நேரடி ஐபி முகவரிகள் மட்டும் கணக்கில் வராது. மொத்தம் பத்தைத் தாண்டியதும், பெறுபவர் முழுப் பதிவையும் பிழை என்று தள்ளுவார். நேற்று வரை சரியாக இருந்ததே என்பீர்கள். நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். அந்த விளம்பர மெயில் நிறுவனம் நேற்று ராத்திரி தன் பதிவில் ஒரு இன்க்ளூட் கூட்டியிருக்கும்.

சரி, என்ன செய்வது? முதலில் செத்துப்போன சேவைகளை எடுங்கள். எந்தத் துறையும் ஒப்பந்தம் முடிந்ததைச் சொல்வதில்லை. விளம்பர மெயிலை ஒரு துணை டொமைனுக்கு நகர்த்துங்கள், அதற்குத் தனி எஸ்பிஎஃப் இருக்கட்டும். ஒவ்வொரு சேவைக்கும் டிகிம் சாவி போடுங்கள். நிறுவனத்துக்குள்ளே ஒரு விதியையும் கொண்டு வாருங்கள்: முதன்மை டொமைனின் பெயரில் மெயில் அனுப்பும் எந்தச் சேவையையும் ஐடி துறைக்கு எழுதிக் கொடுக்காமல் எந்தத் துறையும் வாங்கக் கூடாது. இந்த விதி இல்லாமல் மேலே சொன்ன எதுவும் ஆறு மாதம்கூடத் தாங்காது என்பது என் உறுதியான கருத்து.

டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே 'ரிஜெக்ட்' என்று போடாதீர்கள். எதையும் தடுக்காத 'நன்' என்று தொடங்கி, அறிக்கை முகவரியைச் சேர்த்து, சில வாரம் அறிக்கைகளைப் படியுங்கள். உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று அப்போதுதான் முழுதாகத் தெரியும். நினைத்தே பார்க்காத ஒரு சர்வர் அதில் இருக்கும். பிறகு ஸ்பேமில் தள்ளச் சொல்லும் 'குவாரன்டைன்', கடைசியில் மறுக்கச் சொல்லும் 'ரிஜெக்ட்'. 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு ரிஜெக்ட் என்று மாற்றியபோது உலகெங்கும் மெயிலிங் லிஸ்டுகள் உடைந்தன. யாஹூ பயனர் லிஸ்டுக்கு எழுதுவார். லிஸ்ட் அதை மற்றவர்களுக்கு அனுப்பும்போது கையொப்பம் குலையும். மற்ற நிறுவனங்கள் யாஹூ சொன்னபடியே அதை மறுக்கும். ஒருவர் தன் வீட்டுக்குள் எடுத்த முடிவு அவரோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத ஆயிரக்கணக்கான லிஸ்டுகளைப் பாதித்தது. உங்கள் முன்னாள் மாணவர்கள் கல்லூரி முகவரிக்கு வருவதைச் சொந்த முகவரிக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், அதிலும் எஸ்பிஎஃப் உடையும். அங்கே டிகிம் மட்டுமே காப்பாற்றும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. தேர்வு முடிவு வரும் நாளில் பெற்றோர் அனைவருக்கும் மெயில் அனுப்பும் கல்லூரி இந்த எண்ணிக்கையைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

சொந்த மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மூன்றும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் ஐபியின் எதிர்த்திசைப் பெயரை, அதாவது ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவை, பாருங்கள். அந்தப் பிடிஆர் பதிவை உங்கள் டிஎன்எஸ் பலகத்தில் எழுதி எழுதிப் பார்ப்பவர்கள் உண்டு. பயன் இல்லை. அது ஐபி முகவரி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஸோன். சேவை நிறுவனத்துக்கு டிக்கெட் போடுங்கள்.

"தமிழ் முகவரியை ஏற்க மறுக்கிறது"

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் டிஎன்எஸ்ஸின் வேர்ப் பட்டியலில் முறையாக இடம்பெற்ற மேல்மட்டப் பெயர்கள். வலைத்தளம் திறக்கும். மெயில்தான் தடுமாறும். மெயில் போகும் வழியில் ஒவ்வொரு சர்வரும், தமிழ் போன்ற எழுத்துகளை முகவரியில் ஏற்கும் 'எஸ்எம்டிபியுடிஎஃப்8' என்ற வசதியை அறிவிக்க வேண்டும். நடுவில் ஒன்று அறிவிக்காவிட்டாலும் மெயில் திரும்பும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் 3.0 பதிப்பிலிருந்து இது உண்டு. உங்கள் சர்வரில் இயக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இயக்கியும் திரும்பினால் எதிர்ப்பக்கம்தான் காரணம். அதுவரை அதே பெட்டிக்கு ஒரு லத்தீன் எழுத்து மாற்று முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வலைப் படிவம் தமிழ் முகவரியைத் தவறு என்று காட்டினால், அந்தப் படிவத்தை எழுதியவரிடம் எழுத்துபூர்வமாகச் சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் அது மாறப்போவதில்லை. சொந்த மொழியில் முகவரி வைத்திருப்பவரை வாசலில் திருப்பி அனுப்பும் படிவம் ஒரு கோளாறுதான், அதற்கும் டிக்கெட் போட வேண்டும்.

"பிரவுசரில் திறக்கிறது, ஆப்பிலோ மற்றொரு சர்வரிலிருந்தோ இணையவில்லை"

உங்கள் சான்றிதழை எல்லோரும் நம்பும் ரூட் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை உங்கள் சர்வர் அனுப்பவில்லை என்பதே முதல் சந்தேகம். பிரவுசர்கள் விடுபட்ட இடைநிலைச் சான்றிதழைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் கண்ணுக்கு எல்லாம் பச்சை. கட்டணம் வந்துவிட்டது என்று உங்கள் சர்வருக்குத் தகவல் சொல்ல வரும் வங்கியின் நிரல் அப்படித் தேடாது, நேராக மறுத்துவிடும். மாணவர் பணம் கட்டியிருப்பார், உங்கள் பக்கம் கட்டவில்லை என்று காட்டும். ஓபன்எஸ்எஸ்எல் கருவியால் இணைத்து, சர்வர் எத்தனை சான்றிதழ்களை அனுப்புகிறது என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று வந்தால் முழுச் சங்கிலிக் கோப்பை வைக்க வேண்டும்.

சங்கிலி முழுதாக இருந்தும் பழைய கருவிகளில் மட்டும் மறுப்பு என்றால், அவற்றின் நம்பிக்கைப் பட்டியல் பழையது. 2021 செப்டம்பர் 30 அன்று, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் சார்ந்திருந்த பழைய ரூட் சான்றிதழ் காலாவதியானபோது, ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 ஓடிய சர்வர்கள் புதிய ரூட்டை வைத்திருந்தும் காலாவதியான பாதையையே பிடித்துக்கொண்டு மறுத்தன. கோளாறு எதிர்ப்பக்கத்தில். ஆனாலும் சங்கிலியைச் சுருக்கி அனுப்பி உங்கள் பக்கத்திலிருந்தே அதைத் தவிர்க்க முடிந்தது. அப்படி வாய்ப்பு இருக்கும் இடத்தில், தவறு யாருடையது என்று வாதாடாமல் செய்துவிடுவது நல்லது.

சான்றிதழைக் கையால் புதுப்பிக்கும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். 2025 ஏப்ரலில் சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் எடுத்த முடிவின்படி, அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் காலாவதி நினைவூட்டல் மெயில்களையும் நிறுத்திவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பும், அது ஓடியதா என்று தனியாகக் கண்காணிக்கும் ஏற்பாடும் இரண்டும் வேண்டும்.

"வேறு கல்லூரியிலிருந்து வந்தவரால் லாகின் செய்ய முடியவில்லை"

கல்வி நிறுவனங்களின் பொது வைஃபை ஏற்பாடான எடுரோமில் வந்திருக்கும் பேராசிரியரின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது அவருடைய சொந்த நிறுவனம். உங்கள் வைஃபை அந்தக் கேள்வியைக் கடத்துகிறது, அவ்வளவுதான். பயனர் பெயரில் '@' குறிக்குப் பின் சொந்த நிறுவனத்தின் டொமைனைச் சேர்த்தாரா என்று கேளுங்கள். பாதிப் புகார் அங்கேயே தீரும். சேர்த்திருந்தால், உங்கள் ரேடியஸ் சர்வர் (லாகின் கேள்விகளைக் கையாள்வது) கேள்வியை நாட்டின் ரேடியஸ் சர்வருக்கு அனுப்பியதா, பதில் வந்ததா என்று லாகில் பாருங்கள். இந்தியாவில் அதை நடத்துவது எர்நெட், கல்வி நிறுவனங்களுக்கான நெட்வொர்க். மறுப்புப் பதில் வந்தால் அவருடைய நிறுவனத்தில்தான் கேட்க வேண்டும். பதிலே வரவில்லை என்றால் நடுவழி. அவருடைய கடவுச்சொல்லை வாங்கி நீங்கள் போட்டுப் பார்க்காதீர்கள். சொந்த நிறுவனக் கணக்கால் வேறு தளத்தில் நுழையும் சாம்ல் முறை லாகின் என்றால் முதலில் கடிகாரம். இரண்டு சர்வர்களின் நேரம் சில நிமிடம் விலகினாலே, வந்த உறுதிமொழி காலாவதி என்று தள்ளப்படும்.

"யாரிடம் கேட்டாலும் பதில் இல்லை"

காரணம் தெரிந்துவிட்டது. மாற்றும் உரிமை வேறொருவரிடம். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். அங்கே போகாதீர்கள். ரவுட்டிங் என்றால், நெட்வொர்க்குகளின் விவரப் பட்டியலான பியரிங்டிபியிலும், உரிமையாளரைக் காட்டும் ஹூயிஸ் பதிவிலும் இருக்கும் நெட்வொர்க் மையத் தொடர்பு. மெயில் என்றால் 'போஸ்ட்மாஸ்டர்', தவறான பயன்பாடு என்றால் 'அப்யூஸ்' என்று தொடங்கும் முகவரி. பாதுகாப்பு ஓட்டை என்றால் அவர்கள் தளத்தின் 'செக்யூரிட்டி டாட் டெக்ஸ்ட்' கோப்பு. இதே முகவரிகள் உங்கள் டொமைனில் வேலை செய்கின்றனவா என்று இன்றே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். உங்களைத் தேடி ஒருவர் வரும்போது திரும்பிப் போகும் முகவரி இருந்தால், உங்கள் பக்கத்துக் கோளாறை உங்களுக்குச் சொல்ல ஆளே இருக்காது.

எழுதும் கடிதம் எதிர்ப்பக்கப் பொறியாளர் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு மாதிரி, எண்கள் எடுத்துக்காட்டுக்காக:

"வணக்கம். 203.0.113.0/24 ஏஎஸ் 64500-க்கு உரியது, ரோவா பதிவில் காணலாம். இன்று 09:40 யுடிசி முதல் உங்கள் வாடிக்கையாளர் ஏஎஸ் 64511 இதை அறிவிக்கிறது. உங்கள் வழியாக வெளியே போகிறது. மூன்று லுக்கிங் கிளாஸ் முடிவுகளை இணைத்திருக்கிறோம். இந்த அறிவிப்பை உங்கள் எல்லையில் வடிகட்டக் கேட்டுக்கொள்கிறோம். ஏஎஸ் 64511-க்கும் தனியாக எழுதியிருக்கிறோம். எங்கள் பக்கம் 24 மணி நேரமும் போனில் கிடைக்கும் பொறியாளரின் எண் கீழே."

கோபமும் வழக்குப் போடுவோம் என்ற மிரட்டலும் அதில் வேண்டாம். மிரட்டல் வந்த கடிதம் பொறியாளரிடமிருந்து சட்டத் துறைக்குப் போகும், அங்கே ஒரு வாரம் கிடக்கும். அவருக்கு உங்களுக்கு உதவ வேண்டிய கடமை எதுவும் இல்லை. ஆதாரமும் மரியாதையும்தான் அவரை அசைக்கும். நேரத்தை யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள்.

தொடர்பு வழி உங்கள் சொந்த அமைப்பையே நம்பியிருக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் தன் முதுகெலும்பு நெட்வொர்க்கைப் பராமரிப்புக் கட்டளை ஒன்றில் துண்டித்துக்கொண்டது. தரவு மையங்களை எட்ட முடியாத அதன் டிஎன்எஸ் சர்வர்கள், வடிவமைத்தபடியே, தங்களை எட்டும் வழியைச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றன. பெயர் போனது, பெயரை நம்பியிருந்த உள் கருவிகளும் போயின. பொறியாளர்கள் நேரில் தரவு மையத்துக்குப் போய்ச் சரிசெய்ய, ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆனது. உங்கள் டொமைன் செத்திருக்கும்போது அதே டொமைனின் மெயிலிலிருந்து ரெஜிஸ்ட்ராருக்கு எழுத முடியாது. குறிப்பின் காகிதப் பிரதி இதற்குத்தான். கூடவே வேறு டொமைனில் ஒரு மெயில் முகவரியும், வேறு நிறுவனத்தின் ஒரு மொபைல் இணைப்பும்.

தேடிக்கொண்டே போய் இது தவறுதல் இல்லை, தாக்குதல் என்று தெரிந்தால் இந்தியாவில் இன்னொரு கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சர்வர் நேரம், சரியான நேரம் தரும் தேசிய என்டிபி சர்வர்களோடு ஒத்திருக்க வேண்டும். முதல் அறிக்கையில் எல்லா விடையும் இருக்க வேண்டியதில்லை. தெரிந்ததை எழுதி அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம். ஆறு மணி நேரத்தில் காரணம் தெரியவில்லை என்பதற்காக அறிக்கையை நிறுத்தி வைக்காதீர்கள்.